காடை வளர்ப்பில் முதற்படி: குஞ்சும் தீவனமும்
(உரையின் எழுத்து வடிவம்)

திருவனந்தபுரத்தின் பழைய வணிகப் பகுதி சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசன் அமைத்தது அது. நாகர்கோவிலிலிருந்து வரும் பழைய பாதை கரமனை, கிள்ளிப்பாலம் வழியாக ஆரியசாலையை அடைந்து, பின்னர் கிழக்கேகோட்டையை நோக்கிச் செல்கிறது. நாஞ்சில் நாட்டு நெல்லும் பாண்டி நாட்டுச் சரக்கும் இவ்வழியே வந்தன. அவற்றோடு வந்து தங்கிய தமிழ் வணிகக் குடும்பங்கள் பல. கடையும் வீடும் ஒட்டி நிற்கும் இத்தகைய நெருக்கமான பகுதிகளில் மாடு கட்டவோ கோழியை மேயவிடவோ இடமில்லை. ஆகவே, மாடியிலோ கொல்லைப்புறத்திலோ ஒரு சிறு கூட்டில் வளர்க்கத்தக்க காடையின் மீது நகர்ப்புறக் குடும்பங்களுக்கு நாட்டம் ஏற்படுவது இயல்பே. ஒரு கோழிக்கு வேண்டிய இடத்தில் எட்டு முதல் பத்துக் காடைகளை வளர்க்கலாம்.

ஆயினும், முதன்முறையாகக் காடை வாங்குவோரில் பலர் முதல் இரண்டு வாரங்களிலேயே மனம் தளர்ந்து விடுகின்றனர். வீட்டுச் சேமிப்பிலிருந்து நூறு குஞ்சுகள் வாங்கப்படுகின்றன. கோழிக்கு வாங்கும் அதே தீவனம் அவற்றின் முன் வைக்கப்படுகிறது. பத்தாம் நாளுக்குள் ஒரு பகுதி மடிகிறது. எஞ்சியவை வளர்ந்தபின் பார்த்தால் அவற்றில் பாதி சேவல்கள். இத்தனைக்கும் காரணம் நோயன்று. காடையைச் சிறிய கோழி என்று எண்ணுவதுதான்.

பண்ணையில் வளர்க்கப்படும் காடை நம் நாட்டுப் பறவையன்று. அது ஜப்பானியக் காடை. 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலிருந்து வந்த இது, உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஜத்நகரில் வளர்த்து ஆராயப்பட்டது. 1979இல் அங்கு நிறுவப்பட்ட மத்தியப் பறவையியல் ஆராய்ச்சி நிலையம் இதிலிருந்து இறைச்சிக்கும் முட்டைக்கும் தனித்தனி இரகங்களை உருவாக்கியது. காரி உத்தம், காரி உஜ்வல், காரி ஸ்வேதா, காரி பேர்ல் ஆகியவை அவற்றுள் சில. தமிழ்நாட்டுக் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நந்தனம், நாமக்கல் என்னும் பெயர்களில் இரகங்களை வெளியிட்டது.

வயல்வெளிகளில் வாழும் நாட்டுக் காடைகளின் நிலை வேறு. அவை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். இச்சட்டத்தின் நிழல் ஒரு காலத்தில் பண்ணைக் காடையின் மீதும் விழுந்தது. 2011இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஜப்பானியக் காடைப் பண்ணைகளுக்குப் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்தியது. வளர்ப்போர் பலர் இதனால் கலங்கினர். 2013ஆம் ஆண்டு இறுதியில் அத்தடை விலக்கப்பட்டது. ஆதலால், கண்ணி வைத்துப் பிடித்த பறவைகளைக் கூடையில் கொண்டுவந்து மலிவாகத் தருவோரிடம் வாங்குதல் கூடாது. வளர்ப்புக்கு அவை பயன்படா என்பதோடு, வாங்குபவரும் வழக்கில் சிக்க நேரிடும். குஞ்சு பொரிப்பகத்திலிருந்தே வாங்க வேண்டும். திருவனந்தபுரத்தார் எந்தப் பொரிப்பகம் நம்பத்தக்கது என்பதைக் குடப்பனக்குன்னில் உள்ள அரசுக் கோழிப்பண்ணையிலோ அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையிலோ முதலில் விசாரித்துக்கொள்வது நலம்.

அடுத்து, எந்த வயதில் வாங்குவது என்னும் கேள்வி எழுகிறது. ஒரு நாள் குஞ்சின் விலை குறைவு. ஆனால் அதன் எடையோ எட்டு கிராம் அளவே. முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் அதற்குத் தேவை. பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வரலாம். மழைக்கால இரவில் ஒரு மணி நேரம் மின்சாரம் நின்றாலும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நசுங்கும். தண்ணீர்த் தட்டு சற்று ஆழமாக இருந்தால் மூழ்கி இறக்கும். தட்டில் கூழாங்கற்களைப் பரப்புவது அதனால்தான். வழவழப்பான செய்தித்தாளின் மீது விட்டால் கால்கள் இருபுறமும் விரிந்து முடமாகும். சாக்கோ சொரசொரப்பான அட்டையோ விரிக்க வேண்டும். இவ்வளவையும் முதல் முயற்சியிலேயே பிழையின்றிச் செய்பவர் சிலரே. எனவே புதியவருக்கு ஏற்றவை மூன்று அல்லது நான்கு வாரக் குஞ்சுகள். விலை கூடுதலே; ஆயினும் சாவு குறைவு. அதைவிட முக்கியமான நன்மை, அந்த வயதில் ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடியும் என்பது.

சேவலின் மார்பு இறகுகள் செம்பழுப்பு நிறத்தில் ஒரே சீராக இருக்கும். பெட்டையின் மார்பு வெளிறியது. அதில் கரும்புள்ளிகள் தெளித்தாற்போல் காணப்படும். கோழியினத்திற்கு மாறாகக் காடையில் பெட்டையே எடை மிகுந்தது. வெள்ளை இறகுள்ள இரகங்களில் இம்மார்புக் குறி பயன்படாது. ஆறு வாரம் ஆனபின் சேவலின் எச்சத் துவாரத்திற்கு மேலுள்ள புடைப்பை அழுத்தினால் வெண்ணுரை வெளிப்படுவதைக் கொண்டே அறியலாம். உண்பதற்கான முட்டை மட்டுமே நோக்கமாயின் சேவலே வேண்டியதில்லை. சேவலும் பெட்டையைப் போலவே தின்னும்; முட்டையோ இல்லை. இக்கணக்கு அறியாதவரிடம் கூடை நிறையச் சேவல்களைத் தள்ளிவிடும் விற்பனையாளர் உண்டு. கூடையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

இனித் தீவனம். வளர்ப்புச் செலவில் பெரும்பங்கு இதற்கே ஆகிறது. பிழையும் இங்குதான் மிகுதி. காடைக் குஞ்சு மிகக் குறைவாகவே தின்னும். ஆனால் ஐந்து வாரத்தில் அதன் எடை ஏறத்தாழ இருபது மடங்காக வேண்டும். ஆகவே, தின்னும் சிறு அளவிலேயே புரதம் செறிந்திருப்பது இன்றியமையாதது. முதல் மூன்று வாரங்களுக்கு நூற்றுக்கு 27 பங்கு அளவிலும், அடுத்த இரண்டு வாரங்களுக்கு 24 பங்கு அளவிலும் புரதம் வேண்டும். முட்டைக்கோழித் தீவனத்தில் இருப்பது 16 முதல் 18 பங்கு வரையே. மேலும், அதில் முட்டை ஓட்டிற்காகச் சேர்க்கப்படும் சுண்ணாம்புச் சத்து, முட்டையிடும் வயதை எட்டாத குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மலிவு என்று கருதி அதை வாங்கி வைப்பவர் குஞ்சுகளைப் பட்டினி போடுவதோடு நஞ்சும் ஊட்டுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

காடைக்கெனத் தயாரித்த தீவனம் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. கிடைக்காதபோது, இறைச்சிக் கோழிக் குஞ்சுகளுக்கான தொடக்கத் தீவனத்தை வாங்கி, 75 கிலோவுக்கு 5 கிலோ வீதம் பிண்ணாக்குத் தூள் கலந்து ஐந்து வாரம் வரை கொடுக்கலாம். குஞ்சின் அலகு சிறியதாதலால் குருணையை மீண்டும் நொய்யாக அரைத்துக்கொள்ள வேண்டும். ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கும். அப்போது புரதம் 20 பங்குக்குக் குறையாமலும், கிளிஞ்சல் தூள் வழியாகச் சுண்ணாம்புச் சத்து மூன்று பங்கு அளவிலும் இருக்குமாறு தீவனத்தை மாற்ற வேண்டும். வளர்ந்த பறவை நாளொன்றுக்கு 25 முதல் 30 கிராம் வரை தின்னும். ஐம்பது பெட்டைகளுக்கு நாளொன்றுக்கு ஒன்றே கால் முதல் ஒன்றரைக் கிலோ ஆகும். நன்கு முட்டையிடும் பருவத்தில் அவை ஏறத்தாழ நாற்பது முட்டைகள் தரும். தீவனத்தின் அன்றைய விலையையும் முட்டையின் விலையையும் இவ்விரண்டு எண்களோடு பெருக்கிப் பார்த்தபின் குஞ்சுக்கு முன்பணம் கொடுப்பதே அறிவுடைமை.

வீட்டிலேயே தீவனம் கலக்க விரும்புவோருக்குச் சோளம், மக்காச்சோளம், தவிடு, பிண்ணாக்கு ஆகியவற்றை வாங்கும்போது கண்ணும் மூக்கும் துணையாக வேண்டும். திருவனந்தபுரத்தில் மழை இரு பருவங்களில் வருகிறது. இடவப்பாதிக்கும் துலாவர்ஷத்திற்கும் இடையிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூஞ்சை எளிதில் பற்றி, கல்லீரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். வெயிலில் உலர்த்தினால் பூஞ்சை மறையலாம், நஞ்சு மறையாது. கட்டி கட்டியாகத் திரண்டதும் முடை நாற்றம் வீசுவதும் எவ்வளவு மலிவாயினும் ஏற்கத்தக்கனவல்ல. இரண்டு மூன்று வாரத் தேவைக்கு மேல் வாங்காமல், மூட்டையைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல் மரப்பலகையின் மீது வைப்பது நல்லது. கடற்கரை அருகில் இருப்பதால் கருவாட்டுத் தூள் சேர்க்கும் எண்ணம் பலருக்கும் எழும். உப்பிடாமல் உலர்த்திய மீனாயின் அது சிறந்த புரதம். உப்புக் கருவாடோ பறவையைக் கொல்லும். மீன்தூளில் மணல் கலப்பும் உண்டு. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அடியில் தங்குவது எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

காடை அலகால் தீவனத்தை வாரி இறைக்கும் பழக்கம் உடையது. தொட்டியை விளிம்பு வரை நிரப்புவோர் கூட்டின் அடியில் பணத்தைக் கொட்டுகின்றனர். பாதிக்கு மேல் நிரப்பாமல், மேலே கம்பி வலைத்துண்டு ஒன்றைப் படியவைத்தால் இழப்பு பெரிதும் குறையும்.

"ஆயிரம் கோழிக்கு அரைக் காடை" என்று மலையாளத்தில் ஒரு பழமொழி வழங்குகிறது. விற்பனைக்கு இது உதவலாம், உணவியலுக்குப் பொருந்தாது. காடை முட்டையின் எடை 10 முதல் 12 கிராம் வரை. ஐந்து காடை முட்டைகள் ஒரு கோழி முட்டைக்கு நிகர். புரத அளவிலும் இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. காடைக்கு நோயே வராது என்பதும் இத்தகையதே. இராணிக்கேட்டு நோயைக் கோழியைவிட அது தாங்கும் என்பது உண்மை. ஆனால் பறவைக் காய்ச்சல் காடையையும் தாக்கும். 2014இல் குட்டநாட்டு வாத்துகளிடையே அந்நோய் பரவியபோது ஆயிரக்கணக்கான பறவைகளை அழிக்க நேர்ந்தது. கோழி, வாத்துகளோடு காடையை ஒரே கூரையின்கீழ் வளர்ப்பதைத் தவிர்ப்பது அதனால்தான்.

ஜப்பானியக் காடை அடைகாக்கும் இயல்பை இழந்த பறவை. முட்டைகளைக் கருவியில் 17 அல்லது 18 நாள் வைத்தே பொரிக்க வேண்டும். அவ்வாறு செய்யினும், ஒரே கூட்டத்திற்குள் தலைமுறை தலைமுறையாக இனப்பெருக்கம் நிகழ்ந்தால் பொரிப்பும் முட்டையிடும் திறனும் மிக விரைவாகக் குன்றும். இத்துன்பம் கோழியைவிடக் காடைக்கு மிகுதி. எனவே சிறு அளவில் வளர்ப்போர் ஏறத்தாழ ஓராண்டு முட்டை எடுத்தபின் பழைய பறவைகளை இறைச்சிக்கு விற்றுப் பொரிப்பகத்திலிருந்து புதிய தொகுதியை வாங்குவதே முறை. மூன்று வாரக் குஞ்சு முட்டையிட மேலும் ஒரு மாதம் ஆகும். முட்டை வாங்கிப் பழகிய கடைக்காரர் அந்த ஒரு மாதமும் காத்திருக்க மாட்டார். பழைய பறவைகளின் முட்டை குறையத் தொடங்கும்போதே அடுத்த தொகுதிக்குச் சொல்லிவைக்க வேண்டும்.