கதவுக்குப் பின்னால் யார்?

(“கொரோனாக் காலத்தில் வீட்டோடு முடங்கியவர்களுக்குப் பெரிதும் கைகொடுத்தது உறவினரா? ஊராரா?” என்ற பட்டிமன்றத்தில் ‘ஊராரே’ என்னும் அணியில் பேசியது)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்து, உறவுதான் உசத்தி என்று இங்கே முழங்கிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) தாமிரபரணித் தண்ணீரைக் குடித்த காரணத்தினாலேயே எதையும் லேசில் ஒப்புக்கொள்ளாத திருநெல்வேலிப் பெருமக்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி, ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்று சொல்லி உங்களையெல்லாம் கண்கலங்க வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். ஆடட்டும் ஐயா, நான் வேண்டாம் என்றா சொன்னேன்? அமெரிக்காவிலே ஆடுகிற தசை அம்பாசமுத்திரத்துக்கு வந்து சேர வேண்டாமா? 2020 மார்ச் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. விமானம் கிடையாது, ரயில் கிடையாது. நம்ம நெல்லை எக்ஸ்பிரஸே ஓடவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் கார் இருக்கிறதே, ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடலாம் என்று பார்த்தால், மாவட்ட எல்லையைத் தாண்ட இ-பாஸ் வேண்டும். அந்த முதல் ஊரடங்கிலே அதற்கு என்ன காரணம் செல்லும் தெரியுமா? கல்யாணம், சாவு, அவசர மருத்துவம். ‘அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்துபோச்சு, வாங்கிக் கொடுக்க ஆளில்லை’ என்பதற்கு அந்தப் பட்டியலிலே இடமில்லை. அம்மா செத்துப்போனால் வரலாம். சாகாமல் பார்த்துக்கொள்ள வர முடியாது! நான் அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. நோய் பரவாமல் தடுக்க அன்றைக்கு வேறு வழி தெரியவில்லை. நம் உறவுகள் எவ்வளவு தூரத்திலே போய் உட்கார்ந்திருக்கின்றன என்பதை அன்றைக்குத்தான் நாம் அளந்து பார்த்தோம் என்று சொல்கிறேன்.

‘பணம் அனுப்பினோமே’ என்கிறார்கள். அனுப்பினீர்கள். ஒரே நிமிஷத்தில் வந்தது. அதை எடுத்துச் சாப்பிட முடியுமா?

எங்கள் தெருவிலே ஓர் ஆச்சி. எழுபத்தெட்டு வயது. முழங்கால் மூட்டு தேய்ந்துபோய் வாசற்படி இறங்க முடியாது. ஒரே மகன், துபாயிலே வேலை. தங்கமான பையன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு டாண் என்று போன் வரும். தெருவே கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஊரடங்கு தொடங்கி இரண்டாவது வாரம் ஆச்சிக்கு மாத்திரை தீர்ந்துவிட்டது. பையன் அங்கிருந்தே இங்குள்ள மருந்துக்கடைக்குப் போன் போடுகிறான்.

‘என்ன மாத்திரை தம்பி?’

‘பிரஷர் மாத்திரை அண்ணாச்சி.’

‘அதான், பேரு என்ன?’

‘தெரியலையே.’

‘எத்தன மில்லிகிராம்?’

பதில் இல்லை. பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்? எதிர்வீட்டு மதினியிடம் கேட்டோம். ஆச்சிக்கு அவர்கள் சொந்தமும் கிடையாது, சாதியும் கிடையாது. மூச்சுவிடாமல் சொன்னாவ: ‘காலையில வெள்ளைல ஒண்ணு, ராத்திரி ரோஸ்ல பாதி. அந்தப் பாதிய நாந்தான ஒடச்சுக் குடுப்பேன்! பழைய அட்டை எங்க வீட்டு அலமாரிலதான் கெடக்கு, இந்தா எடுத்துட்டு வாரேன்.’ (பலத்த கைதட்டல்)

மாத்திரை வந்தது. அதை எப்படிக் கொடுத்தாவ? திண்ணையிலே வைத்துவிட்டு, எட்ட நின்று சத்தம் போட்டாவ: ‘ஆச்சி, கதவத் தொறக்காண்டாம். நான் போனப்பெறவு எடுத்துக்கிடுங்க. தண்ணி நல்லாக் குடிங்க.’

நடுவர் அவர்களே, என் கட்சி இதுதான். அரிசியும் பணமும் மட்டும் உதவி ஆகிவிடாது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் இருக்கிறார், அவருக்கு எது வேண்டும், எது ஆகாது என்பது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். அது மார்ச் 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு டெலிவிஷனைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற பாடமா? பத்து வருஷம் மாறி மாறிக் கறிவேப்பிலை கேட்டு வாங்கியிருந்தால் தெரியும். இல்லையென்றால் தெரியாது.

தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள் மேடையேறிவிட்டுக் காப்பியத்தைத் தொடாமல் இறங்கினால் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். (சிரிப்பு) மணிமேகலையிலே ஆபுத்திரன் கையிலே அமுதசுரபி கிடைக்கிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம். கண் தெரியாதவர், காது கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளி எல்லாரையும் அழைத்து மதுரையிலே சோறு போட்டான். பஞ்சம் தீர்ந்தது, பசித்து வருகிறவர் இல்லாமல் போயிற்று. பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஆள் தேடிப் புறப்பட்டான் என்பது கதை. எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். கால் முடமானவர் ஆபுத்திரனிடம் எப்படி வந்து சேர்ந்தார்? யாரோ ஒருவர் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும் அல்லவா? சாத்தனார் அந்த ஆளின் பெயரைச் சொல்லவே இல்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்று நான் சொல்கிறேன். முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன், நம்புங்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

2020 ஏப்ரலில் தமிழ்நாட்டு அரசு அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்தது. அமுதசுரபி தயார். ரேஷன் கடைக்கு நடக்க முடியாதவருக்கு? முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். வங்கிக்குப் போக முடியாதவருக்கு? அஞ்சல் துறையிலே ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. ஆதார் எண்ணைச் சொல்லிக் கருவியிலே விரலை வைத்தால், வங்கியில் இருக்கிற பணத்தைப் போஸ்ட்மேன் வாசலிலேயே எண்ணிக் கொடுத்துவிடுவார். பெருமைப்பட வேண்டிய காரியம். ஆனால், ‘ஐயா, அந்த முடுக்குக்குள்ள மூணாவது வீட்டுல ஒரு பாட்டி இருக்காவ, எழுந்து வர முடியாது, நீங்க உள்ள போங்க’ என்று போஸ்ட்மேனுக்குச் சொன்னது யார்? துபாயா? சிங்கப்பூரா?

மேலப்பாளையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த மாநகரத்திலே முதலில் அடைபட்ட பகுதி அது. 2020 மார்ச் கடைசியிலே தொற்று தெரிந்ததும் உள்ளே போகிற வழிகளையெல்லாம் அடைத்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் நிறைந்த ஊர். இலையும் தூளும் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. வெளியிலிருந்து உறவுக்காரர் வர முடியாது. தெருவுக்குள்ளே இருக்கிறவர்தான் தெருவுக்குத் துணை. ஏப்ரல் கடைசியிலே ரமலான் நோன்பு பிறந்தது. ஆண்டுதோறும் நோன்புக் கஞ்சிக்காகத் தமிழ்நாட்டுப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் 5,450 டன். பள்ளிவாசலிலே கூடிக் கஞ்சி காய்ச்சக் கூடாது. என்ன செய்தார்கள்? அரிசியை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவது என்று முடிவாயிற்று. இது எப்படி முடிந்தது? ஒவ்வொரு ஜமாஅத்துக்கும் தன் வீடுகள் தெரியும். எந்த வீட்டில் எத்தனை தலை, எந்த வீட்டில் ஆண் துணை இல்லை, யார் வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்பதெல்லாம் தெரியும். கடைசியாகச் சொன்னேன் பாருங்கள், வாய்விட்டுக் கேட்கமாட்டார் என்று, அதைக் கண்டுபிடிக்க எந்தக் கம்ப்யூட்டராலும் ஆகாது.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. அம்மை வார்த்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். பெரியம்மை இந்தியாவை விட்டுப் போனது 1975இல். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அந்த வேப்பிலையைப் பார்த்தாலே நெஞ்சு பதறும். விருந்தாளி வரமாட்டார். அந்த வீட்டில் தாளிதம் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டார் என்ன செய்வார்கள்? இளநீரும் மோரும் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார்கள். வேப்பிலைக்கு ‘உள்ளே வராதே’ என்று ஓர் அர்த்தம். ‘உள்ளே ஆள் கிடக்கிறது, கவனி’ என்று இன்னோர் அர்த்தம். 2020இலே நாம் என்ன செய்தோம்? வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம், தெருவிலே தகரம் அடித்தோம். தகரத்துக்கு ஓர் அர்த்தம்தான்! இப்போது கட்டுகிற வீடுகளிலே திண்ணையும் கிடையாது. அந்த வருத்தத்தை வேறொரு பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

வெள்ளைக்காரன் ஊரிலும் இதே கதைதான். இங்கிலாந்தின் டெர்பிஷயரிலே ஒரு கிராமம். எழுத்திலே நான்கு எழுத்தாக நீட்டினாலும் உச்சரிப்பு ‘ஈம்’. தமிழிலே ஈமம் என்றால் சுடுகாடு, தற்செயல்தான், பயப்படாதீர்கள். 1665இலே அங்கே பிளேக் வந்தது. நோயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக மாட்டோம் என்று ஊர் மக்கள் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள். எல்லையிலே ஒரு கல். அதிலே குழிகள். குழியிலே காடி ஊற்றி, அதற்குள் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் காசை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார்கள். நம் மதினி திண்ணையில் வைத்த மாத்திரைக்கு அந்தக் கல் அக்காள் முறை வேண்டும்.

அதே இங்கிலாந்திலே 2020இல், முடங்கிக் கிடப்பவர்களுக்கு உதவ இரண்டரை லட்சம் தொண்டர்கள் வேண்டும் என்று அரசு கேட்டது. சில நாட்களிலேயே ஏழரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். எவ்வளவு நல்ல மனசு! ஆனால் தொடக்கத்திலே பெரும்பாலானவர்களுக்கு வேலையே வரவில்லை. தொண்டர் இங்கே காத்திருக்கிறார், நோயாளி அங்கே காத்திருக்கிறார். இடையிலே, தன் போன் நம்பரை ஒரு சீட்டிலே எழுதிப் பக்கத்து வீட்டுக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனவர்களுக்கோ அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

எதிரணித் தலைவர் ஒரு அம்பு எய்தார். அதற்குப் பதில் சொல்லாமல் நான் இறங்கக் கூடாது. 2020 ஏப்ரல் 19ஆம் தேதி, சென்னையிலே டாக்டர் சைமன் ஹெர்குலிஸ் தொற்றால் இறந்தபோது, அவர் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஆம்புலன்சைக் கல்லால் அடித்தார்களே, அவர்களும் ஊரார்தானே என்று கேட்டார். ஆமாம். ஊரார்தான். மறைக்கமாட்டேன். தலை குனிந்துதான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு அவர் யாரென்றே தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அது ஒரு மனிதர் அல்ல, ஒரு நோய். கல் எறிந்த கைக்கும் மாத்திரை உடைத்துக் கொடுத்த கைக்கும் நடுவிலே இருக்கிற வித்தியாசம் அதுதான். அன்றைக்கு ராத்திரி மண்வெட்டியைக் கையிலெடுத்து அவரை அடக்கம் செய்தது யார்? அவருடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவர். ரத்த உறவு இல்லை ஐயா. தெரிந்தவர். (கைதட்டல்)

இதை அரசாங்கமே புரிந்துகொண்டது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியிலே ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கினார்கள். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் வீட்டுக்கே மாத்திரை. 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அதற்குக் கிடைத்தது. மாத்திரையைக் கொண்டுபோகிறவர் யார்? மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்த பெண்கள். அதாவது, எங்கள் மதினிக்கு ஒரு பை கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்! 2025 ஆகஸ்டிலே ‘தாயுமானவர்’ திட்டம் வந்தது. தொடங்கியபோது எழுபது வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே. ‘சேயுமானவர்’ என்று பெயர் வைத்திருந்தாலும் பொருந்தியிருக்கும். பிள்ளை செய்ய வேண்டியதைத்தானே செய்கிறது! (சிரிப்பு)

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம் ஐயா. ‘பழகியவருக்குத்தான் ஊரார் உதவுவார்கள், பழகாதவர் கதி என்ன?’ என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. கொரோனாவைத் தாண்டி 2023 டிசம்பருக்கு வாருங்கள். தாமிரபரணி கரை புரண்டது. காயல்பட்டினத்திலே ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்திலே நின்றுவிட்டது. சுமார் 800 பயணிகள். முன்னாலும் தண்ணீர், பின்னாலும் தண்ணீர். குழந்தைகள் இருக்கிறார்கள், வயசானவர்கள் இருக்கிறார்கள். எந்த மாமனும் எந்த மச்சானும் அங்கே வந்து சேர முடியாது. பக்கத்திலே புதுக்குடி என்று ஒரு கிராமம். அவர்களுக்கே வெள்ளம். அந்த ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியை எடுத்துப் பொங்கி, தண்ணீருக்குள் நடந்து ரயிலடிக்குக் கொண்டுபோய்ப் பரிமாறினார்கள். பயணிகளில் ஒருவர் பேர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஆனால் கதவுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்பது தெரியும். ஸ்டேஷன் அவர்கள் ஊர்ப் பக்கத்து ஸ்டேஷன்.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள். தீர்ப்பை உங்களிடமே விட்டுவிடுகிறேன். (நீண்ட கைதட்டல்)