ஊர் கூடி முடிவெடுக்க, அரசு கூடித் துணைநிற்க



சமுதாய அபிவிருத்தி என்னும் சொற்றொடர் இன்று எல்லோர் நாவிலும் வழங்குகின்றது. எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் அதனோடு 'ஒருங்கிணைப்பு' என்னும் மற்றொரு சொல்லும் சேர்ந்தே ஒலிக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழு உண்டு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவும் உண்டு. ஆயினும், எதனை எதனோடு ஒருங்கிணைப்பது, யாருக்காக ஒருங்கிணைப்பது என்னும் வினாவை நாம் அடிக்கடி எழுப்புவதில்லை. மத்திய அரசின் உதவியும் ஊரவரின் சொந்த முயற்சியும் எவ்வாறு பொருந்தினால் நற்பயன் விளையும் என்பதை இம்மாவட்டத்தின் அனுபவத்தைக் கொண்டே இன்று ஆராய விரும்புகின்றேன்.

எல்லாவற்றையும் அரசே செய்தல் வேண்டும் என்பார் சிலர். ஊரைத் தன்பாட்டில் விட்டுவிட்டால் அதுவே முன்னேறிவிடும் என்பார் வேறு சிலர். இவ்விரு கருத்துக்களும் முழுமையுடையன அல்ல. கிண்ணியா மக்கள் நெடுங்காலம் இழுவைப் படகையே நம்பியிருந்தனர். நோயாளியும் மாணவனும் வணிகனும் அதற்காகத் துறையிற் காத்து நின்றனர். 2009ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில், 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் சவூதி அரேபிய நிதியுதவியோடு திறக்கப்பட்டது. எத்துணை ஊக்கமுள்ள ஊர்ச் சங்கமும் அத்தகையதொரு பாலத்தைத் தானே கட்டியிருத்தல் இயலாது. அவ்வாறே, 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பேரணைகளின் பாதுகாப்பு பொறியியல் அறிவும் இடையறாத கண்காணிப்பும் வேண்டுவது. அதனை ஊராரின் தலையிற் சுமத்திவிட்டு அரசு ஒதுங்கியிருத்தல் தகாது.

ஆகவே அரசின் கை வேண்டும். ஆனால் அந்தக் கை ஒரு கையாக வருகின்றதா என்பதே கேள்வி. தம்பலகாமத்தை அண்டிய ஒரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். 80 ஹெக்டேயர், அதாவது ஏறத்தாழ 200 ஏக்கர், வரையான வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளமாயின் அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அதனினும் பெரிய குளமாயின் மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கோ உரியது. குளக்கட்டுக்குச் செல்லும் சிறு பாதை பிரதேச சபையின் பொறுப்பில் இருக்கும். அயலிலுள்ள காட்டை வன பரிபாலனத் திணைக்களம் காக்கும். அக்காட்டினின்று வரும் யானையைப் பற்றி வனசீவராசிகள் திணைக்களத்திடம் முறையிடல் வேண்டும். கமக்காரனுக்கோ இருப்பது ஒரு வயல், ஒரு குளம். அவன் ஏறவேண்டிய படிகள் பல.

இந்நிலை ஒருவருடைய தீய எண்ணத்தால் விளைந்ததன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்குமிடையே அதிகாரத்தைப் பங்கிட்டது. அதே ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை அமைத்தது. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம் பிரதேச செயலாளர்களுக்குப் பல அதிகாரங்களை மாற்றியளித்தது. ஒவ்வொன்றுக்கும் தக்க நியாயம் உண்டு. எனினும், எங்கள் மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளிலும் இவையெல்லாம் ஓர் ஊரின் எல்லையில் வந்து சந்திக்கும்போது அவற்றை இணைக்கும் இடம் எது? அங்கேதான் முடிச்சு விழுகின்றது.

அம்முடிச்சை அவிழ்க்கும் வழியை நாம் வெளியே தேட வேண்டுவதில்லை. எங்கள் வயல்வெளிகளில் அது நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. பெரும்போகம், சிறுபோகம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் முன்னர் நடைபெறும் ஆரம்பக் கூட்டத்தையே குறிப்பிடுகின்றேன். அரசாங்க அதிபரோ அவர் சார்பில் வேறோர் அதிகாரியோ அதற்குத் தலைமை தாங்குவார். நீர்ப்பாசனப் பொறியியலாளர், கமநலத் துறையினர், விவசாயப் போதனாசிரியர், பயிர்க் காப்புறுதி அலுவலர் முதலியோர் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பர். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு என்பதைப் பொறியியலாளர் கூறுவார். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்த நாளில் மடை திறப்பது, எந்த நாளில் மூடுவது, எத்தனை மாத நெல்லை விதைப்பது, வாய்க்கால்களை எப்போது துப்புரவு செய்வது, கால்நடைகளை வயற்புறத்திலிருந்து எந்நாளில் அகற்றுவது என்பனவற்றைக் கமக்காரர் பேசித் தீர்மானிப்பர். தீர்மானம் எழுத்தில் பதியப்படும்; மீறுபவர் சட்டத்துக்கு விடை கூறவேண்டும்.

இந்தக் கூட்டத்துக்குச் சட்டவலு வந்த வரலாறு கவனிக்கத் தக்கது. ஆங்கில ஆட்சியின் தொடக்கக் காலத்தில் பழைய ஊர்க்கட்டுப்பாடுகள் தளர்ந்து வாய்க்கால்கள் தூர்ந்தன. அதனை உணர்ந்த தேசாதிபதி சேர் ஹென்றி வோர்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வயல் நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களை மீண்டும் உயிர்ப்பிக்க இடமளித்தது. அந்நிய அரசும் ஊர் வழக்கத்தை அழித்துப் புதியதொன்றைப் படைக்காமல், இருந்த வழக்கத்துக்கே வலுவூட்டியது. பின்னர் 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் இம்முறையைத் தொடர்ந்தது. பிலிப் குணவர்த்தன அமைச்சராயிருந்தபோது இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், கமக்காரர் தேர்ந்தெடுக்கும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. 1972ஆம் ஆண்டின் விவசாய உற்பத்திச் சட்டத்தின் கீழோ நியமனம் பெற்ற குழுக்கள் வந்தன. தேர்வு போய் நியமனம் வந்தவுடன், குழு யாருக்கு விடை கூறவேண்டும் என்பதும் மாறிவிடுகின்றது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்க் கமக்காரர் அமைப்புக்கள் பதிவுபெற்று இயங்குகின்றன.

ஊரவர் முடிவெடுக்க, அரசின் கிளைகள் ஒன்றாயிருந்து துணைநின்றால் விளையும் பயனுக்கு எங்கள் கிழக்கு மாகாணத்திலேயே தக்க சான்று உண்டு. கல்லோயாத் திட்டத்தின் இடதுகரையில் 1981ஆம் ஆண்டு, கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் இணைந்து, இளைஞர்களை அமைப்பாளர்களாகக் கிராமங்களுக்கு அனுப்பின. அவர்கள் கட்டளையிடச் செல்லவில்லை. கமக்காரரோடு பேசி, வாய்க்கால் தோறும் சிறு குழுக்களாகக் கூடச் செய்தனர். அப்போது சேனாநாயக்க சமுத்திரத்தில் கொள்ளளவின் காற்பங்கு நீரே இருந்தது. பல்லாண்டு தூர்ந்திருந்த வாய்க்கால்களைக் கமக்காரர் சிரமதானத்தால் தோண்டினர். நீரை முறைவைத்துப் பாய்ச்சினர். தலைமடையிற் பெரும்பாலும் சிங்கள மக்களும் கடைமடையில் தமிழ் பேசும் மக்களும் இருந்த அந்த வாய்க்கால்களில், மேலுள்ளோர் தம் பங்கைச் சிக்கனமாகப் பயன்படுத்திக் கீழுள்ளோருக்கு நீர் விட்டனர். நீரைப் பற்றிய முறைப்பாடுகள் குறைந்தன. 1988ஆம் ஆண்டில், பெரிய நீர்ப்பாசனத் திட்டங்களைக் கமக்காரரோடு சேர்ந்து முகாமை செய்வதை அரசு தன் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டது.

இதற்கு மாறான அனுபவமும் எங்களுக்கு உண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோள் கிண்ணியா, மூதூர், குச்சவெளி ஆகிய கரைகளையெல்லாம் சூறையாடியது. முதல் நாட்களில் பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் மக்களுக்கு அடைக்கலமாயின. அயலூரார் சோறு சமைத்து அனுப்பினர். அரசும் உலக நாடுகளும் பின்னர்ப் பேருதவி செய்தன என்பதை மறத்தல் கூடாது. ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள்ளும், ஏனைய கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் மீளக் கட்டுதல் கூடாதென்ற விதி தலைநகரிற் பிறந்தது. கரைவலை இழுப்பவனின் வாடி எங்கே இருத்தல் வேண்டும் என்று அவனைக் கேட்டிருந்தால், அவ்விதி வேறு வடிவம் பெற்றிருக்கும். ஓராண்டளவில் அது தளர்த்தப்பட்டது. இடையில் எத்தனையோ குடும்பங்கள் கூடாரத்திலே காத்திருந்தன. இலங்கையின் பல கரைகளில் சிறு படகுகள் தேவைக்கு மிஞ்சி வந்து குவிந்தன. அவற்றுட் சில கடலுக்கு ஒவ்வாதவை. உதவியைப் பங்கிடுவதற்கென 2005ஆம் ஆண்டு யூன் மாதம் கைச்சாத்தான பொதுக் கட்டமைப்பின் முக்கிய ஏற்பாடுகள், யூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையால் நின்றுபோயின.

மறுவருடம், 2006ஆம் ஆண்டு யூலையில், மாவிலாற்று மடை மூடப்பட்டதும் அதனையொட்டிப் போர் மூண்டதும் யாவரும் அறிந்தவை. மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் ஊரை விட்டு ஓடினர். சம்பூரின் காணிகள் 2015ஆம், 2016ஆம் ஆண்டுகளில் விடுவிக்கப்பட்ட பின்னரே அவ்வூரார் பலர் தம் மண்ணை மிதித்தனர். ஒரு மடை திறப்பதும் மூடுவதும் வெறும் வேளாண்மை அலுவல் அன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமா? நீரையும் நிலத்தையும் பற்றி எல்லா இனத்தவரும் கூடிப் பேசுவதற்கு ஓர் இடம் இருத்தல், எங்கள் மாவட்டத்தைப் பொறுத்தவரை, உயிர்காக்கும் ஏற்பாடாகும்.

இன்னொரு தடையையும் கூறுதல் வேண்டும். அரசின் நிதியாண்டு சனவரியில் தொடங்கி டிசெம்பரில் முடிகின்றது. எங்கள் மழையாண்டு வேறு. ஒக்ரோபரில் மழை தொடங்கிவிடும். மார்கழியில் குளங்கள் நிறைந்திருக்கும். குளக்கட்டைத் திருத்துவதற்கு உகந்தவை ஆவணி, புரட்டாதி மாதங்களே. ஆண்டின் கடைசிக் காலாண்டில் பணம் வந்து, டிசெம்பர் 31ஆந் திகதிக்குள் செலவிட்டு முடிக்க வேண்டுமென்றால், நீர் நிறைந்த குளத்தின் கட்டில் யார் மண் போடுவது? பணம் திரும்பிப் போகும். அல்லது அவசர வேலை அடுத்த மழையிற் கரைந்து போகும். கடற்றொழிலாளருக்கும் வாடைக்காற்றுக் காலம் ஒன்று, தொழிற் காலம் ஒன்று. வலை வாங்கும் கடன் தொழிற்காலம் முடிந்த பின் வந்தால், அது உணவுக்குச் செலவாகிக் கடனாகவே எஞ்சும்.

ஆதலின், ஆரம்பக் கூட்டத்தின் முறையை வயலோடு நிறுத்தாது ஏனைய அலுவல்களுக்கும் விரித்தல் வேண்டும் என்பதே என் கருத்து. வரவு செலவுத் திட்டம் உருவாகும் முன்னர், வைகாசி அளவில், ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் பிரதேச செயலாளர் தலைமையில் ஒரு கூட்டம் கூட்டலாம். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, மீனவர் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியன தம் தேவைகளைத் தாமே வரிசைப்படுத்தி வைக்கட்டும். மத்திய, மாகாண, பிரதேச சபை அலுவலர் ஒரே மேசையில் அமர்ந்து, இயலும், இயலாது, எந்த மாதத்தில் இயலும் என்று அங்கேயே விடை கூறட்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தரட்டும். தீர்மானங்கள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு யாவரும் காண ஒட்டப்படட்டும். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் மீனவர் குழுக்களுக்கு இடமளித்துள்ளது. கொட்டியாரக் குடாவின் மூவின மீனவரும் எந்த வலை ஆகும், எந்த வலை ஆகாது என்பதை அத்தகைய கூட்டத்திலே பேசலாம்.

ஊரவர் கையில் விட்டால் யாவும் நலமே என்று நான் கூறவில்லை. சில சங்கங்களில் ஆண்டுகள் பலவாக ஒருவரே செயலாளர். காணியுடையோர் பேச, குத்தகைக்குச் செய்வோர் வாய்மூடியிருப்பதும் உண்டு. பெண்கள் பின்வரிசையில் அமர்ந்திருந்து எழுந்து செல்வதும் உண்டு. இந்தியாவில் 1952ஆம் ஆண்டு ஒக்ரோபர் 2ஆந் திகதி தொடங்கிய சமுதாய அபிவிருத்தித் திட்டத்தை 1957ஆம் ஆண்டில் ஆராய்ந்த பல்வந்தராய் மேத்தா குழு, மக்களின் பங்கு அதில் வேரூன்றவில்லை எனக் கண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளை வற்புறுத்தியது. நமக்கும் அது பொருந்தும். முறையாகத் தேர்தல் நடத்தாத சங்கம் ஊரின் குரலாக மாட்டாது. கணக்கை ஊர் வாசிகசாலைச் சுவரில் ஒட்டாத சங்கத்துக்கு அரசின் பணத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை.

நேயர்களே, அரசு பெரியது, ஊர் சிறியது. ஆனால் எந்த வாய்க்கால் எந்த இடத்தில் உடையும், எந்தப் பிள்ளை எந்த மாதத்திற் பாடசாலைக்கு வராது நின்றுவிடும் என்பவற்றை ஊரே முதலில் அறியும். அந்த அறிவு தீர்மானமாகி, அத்தீர்மானம் உரிய காலத்தில் உரிய அலுவலரின் கையைச் சேர்ந்தால், ஒதுக்கப்படும் பணம் சிறிதாயினும் கடைமடை வரை பாயும். அடுத்த போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தின் அறிவித்தல் உங்கள் கமநல சேவை நிலையத்தில் ஒட்டப்படும்போது, அதனைப் படித்துவிட்டுப் போய்விடாதீர்கள். கூட்டத்துக்குச் சென்று அமருங்கள், உங்கள் வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள், பேசுங்கள்.