நடுவளவு காட்டாத வெம்மை
(வேப்பந்தட்டையில் உழவர்களிடை ஆற்றப்பெற்ற உரை)



ஒரு கொல்லையில் பகலும் இரவும் 30 பாகை வெப்பம் மாறாது நிற்பதாகக் கொள்க. அடுத்த கொல்லையில் விடியலில் 20 பாகையும் உச்சியில் 40 பாகையுமாக ஏறி இறங்குவதாகக் கொள்க. கணக்கர் கூட்டி வகுத்து, இரண்டின் நடுவளவும் 30 தான் என்று எழுதி ஏட்டை மூடிவிடுவார். பருத்திச் செடிக்கு அக்கணக்குத் தெரியாது. அது நடுவளவில் வாழ்வதில்லை. உச்சிப் பொழுதில் 40 பாகையில் நின்று வாடுகின்றது.

உயிரினத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள உறவு பச்சைமலையில் ஒருபுறம் மெல்ல ஏறி, மறுபுறம் செங்குத்தாய் வீழ்வது போன்றது. வெப்பம் ஏற ஏற உயிரின் இயக்கம் சிறிது சிறிதாய் விரைவுறும். தன் எல்லையைக் கடந்ததும் ஒரே வீழ்ச்சியாய் வீழும். ஆகலின், உலகின் நடுவெப்பம் ஒரு பாகை உயர்ந்தது என்னும் செய்தியைக் கேட்டு, 'ஒரு பாகைதானே' என்று அமைதல் பொருந்தாது. உயிரைக் கொல்வது அந்த ஒரு பாகையன்று. அதன் பின்னே மிகுந்துவரும் கடுவெப்ப நாள்களே.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள ஊர் இது. பருத்திப் பூ காலையில் விரிந்து, அன்றைக்கே தாது ஏற்று, மறுநாள் சிவந்துவிடும். ஒரு பூவுக்கு வாய்ப்பது ஒரே பகல். அப்பகல் 35 பாகையை நன்கு கடந்ததாயின் தாது வலுவிழக்கும். சப்பையும் பிஞ்சும் உதிரும். (சப்பை என்னும் இவ்வூர்ச் சொல் இருக்க, பாடநூல் எழுதுவோர் வேறு சொல் தேடி அலைய வேண்டா!) மக்காச்சோளத்திலும் இதே கதைதான். 38 பாகைக்கு மேல் வறண்ட காற்றும் சேர்ந்தால், ஆண்பூவிலிருந்து விழும் தாது பட்டிழையைச் சேருமுன்னரே உயிர்ப்பு இழக்கும். கதிரை உரித்தால் பொக்கை வாய்போல் மணிகள் விட்டு விட்டு நிற்கும்.

முன்னோர் இதனை அறியாதவரல்லர். ஆவணி, புரட்டாசியில் விதைத்தால் கார்த்திகை, மார்கழியின் தண்மையில் பூக்கும். பட்டம் என்பது மழைக்கு மட்டும் வகுத்ததன்று. வெம்மைக்கு எதிராக எழுப்பிய காப்புமாகும். இறவையில் மாசிக்கு விதைப்பவர் அக்காப்புக்கு வெளியே நிற்கின்றனர். இப்பொழுதோ வானம் பார்த்த பயிருக்கும் காப்புத் தளர்கின்றது. மழை பிந்தினால் விதைப்புப் பிந்தும். பிந்திய மழை பல நாளில் பெய்ய வேண்டியதை இரு நாளில் கொட்டினால், கரிசல் நீரைத் தேக்கிவைத்துக் கொள்ளும். மூச்சுவிட இயலா வேர் தளர, மீண்டும் சப்பையே உதிரும். வெயிலிலும் அதே இழப்பு, வெள்ளத்திலும் அதே இழப்பு!

இரவைப் பற்றிப் பேசுவார் குறைவு. பகலில் இலை சமைத்த உணவில் ஒரு பங்கை இரவில் செடி மூச்சுயிர்ப்பில் செலவிடுகின்றது. இரவு வெம்மையுற்றால் செலவு மிகும், சேமிப்புக் குறையும். பிலிப்பைன்சிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல்களைப் பற்றி 2004 இல் வெளியான ஆய்வு, பயிர்க்காலத்து இரவின் குறைவெப்பம் ஒரு பாகை உயர்ந்தால் நெல் விளைவு ஏறத்தாழ 10 விழுக்காடு குறைந்ததாகக் காட்டியது. கடந்த நூற்றாண்டில் உலகின் நிலப்பரப்பில் பகலைவிட இரவே விரைந்து வெம்மையுற்றது என்பதை இதனோடு சேர்த்து எண்ணுக.

பயிர் தளரும் அதே வெம்மையில் பகை தழைக்கும். அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016 இல் ஆப்பிரிக்காவில் தோன்றி, 2018 மே திங்களில் கருநாடகத்தில் காணப்பட்டு, அவ்வாண்டே தமிழகத்துள் புகுந்து, பெரம்பலூர் மாவட்டத்து மக்காச்சோளக் குருத்தைக் குடைந்தது. குளிர்காலத்தில் உறங்கிக் கிடக்கும் இயல்பு அதற்கில்லை. கடுங்குளிர் கண்டால் மடியும். குளிர்ந்த பருவத்தில் முட்டை அந்துப்பூச்சியாக 60 முதல் 90 நாள் வேண்டும். 28 பாகை வெம்மையில் 30 நாளே போதும். ஒரு தாய்ப்பூச்சி ஆயிரத்துக்கு மேல் முட்டையிடும் எனின், பெருக்கத்தைக் கூட்டிப் பார்த்துக் கொள்ளலாம். நல்ல மழை குருத்தில் நிறைந்து இளம்புழுவை மூழ்கடிக்கும். இடையில் மழை மறையும் வறள்நாள்களே அதற்குத் திருநாள். அதன் முட்டையைத் துளைத்து அழிக்கும் சிறு குளவிகளுள் பலவோ, பகைவனைப் போல் வெப்பம் பொறுப்பனவல்ல.

அக்குளவிகளுக்கு நிழலும் தேனும் தர, வரப்போரம் தட்டைப்பயறும் எள்ளும் விதைத்தல் வேண்டும். ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கைக் கடைசி உழவில் இடல் வேண்டும். இன்னொன்று, கைச்செலவு சிறிதே கேட்பது: கோடையுழவு. படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் சில விரற்கடை ஆழத்தில்தான் கிடக்கின்றது. சித்திரையில் ஆழ உழுது புரட்டினால், பயிரை வாட்டும் அதே வெயில் அதனைச் சுடும்; எஞ்சியதை ஏர்ப்பின் வரும் கொக்கும் மைனாவும் பொறுக்கும்.