ஆய்வுக்கூடத்தை விட்டுச் செல்வோர்

1907-ஆம் ஆண்டில் நிதி இலாகா உத்தியோகம் ஏற்றுக் கல்கத்தா சென்ற தமிழ் இளைஞர் ஒருவர், அலுவல் போக எஞ்சிய நேரத்தையெல்லாம் பௌபஜார் வீதியிலிருந்த விஞ்ஞானச் சங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் கழித்தார். 1917-இல், குறைந்த சம்பளத்துக்கு இசைந்து, உத்தியோகத்தைத் துறந்து கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார். அவரே ஸர் சி. வி. ராமன். வெளிமாநிலங்களில் வாழும் நாம் இக்கதையை நம் குழந்தைகளுக்குப் பெருமையோடு சொல்கிறோம். நான் இன்று சொல்ல வந்ததோ இதற்கு நேர்மாறான பயணம்.

நான் விஞ்ஞானம் பயின்றவனல்லன். மத்திய சர்க்காரின் காகிதங்களை மொழிபெயர்ப்பவன். ஆயினும், டில்லியில் எங்கள் மாடிவீட்டு நண்பரின் மகள் எட்டாண்டுகள் ரசாயன ஆராய்ச்சி செய்ததையும், சென்ற ஆண்டு அதை விடுத்துத் தனியார் கம்பெனி ஒன்றில் கணிப்பொறி வேலைக்குச் சென்றதையும் அருகிலிருந்து கண்டவன். "மாமா, ஆராய்ச்சி எனக்குக் கசந்துவிட்டதென்று அப்பா நினைக்கிறார். அது கசக்கவில்லை, காத்திருப்பதுதான் கசந்தது" என்றாள்.

எதற்காகக் காத்திருந்தாள்? தேசியத் தகுதித் தேர்வில் தேறிய ஆராய்ச்சி மாணாக்கருக்கு, 2023 ஜனவரி முதல், முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் உபகாரச் சம்பளமாக வகுக்கப்பட்டது. தொகை அற்பமன்று. ஆனால் அது மாதந்தோறும் வந்து சேர்வது நிச்சயமில்லை. சில மாதத் தொகை சேர்ந்தாற்போல் வருவதுண்டு. வீட்டுக்காரருக்கு இந்த நியாயம் விளங்குமா? மேலும், அத்தொகை ஐந்தாண்டுகளோடு நின்றுவிடும். 2022-ஆம் ஆண்டின் விதிகளோ பட்டத்துக்கு ஆறாண்டு வரை இடமளிக்கின்றன. பழுதான கருவிக்கு உதிரிப்பாகம் கடல் கடந்து வரும்வரை அப்பெண் ஏழு மாதம் வாளாவிருந்தாள். ஆறாவது ஆண்டுச் செலவைத் தந்தையே ஏற்றார்.

பட்டம் பெற்ற பின்பு ஓராண்டு ஒப்பந்தம் ஒரு நகரில், மற்றோர் ஓராண்டு வேறொரு நகரில். இதற்கிடையே திருமணப் பேச்சு. பெண்களுக்கு 240 நாள் பிரசவ விடுப்பும், மேலும் இரண்டாண்டு அவகாசமும் விதிகளில் உண்டு. ஆனால் விதிப் புத்தகத்தைச் சம்பந்தி வீட்டார் படிப்பதில்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று. வானவியல், சூழலியல், ரோபோவியல் ஆகிய துறைகளில் கட்டுரை எழுதியோரைக் கணக்கிட்டு, அமெரிக்க ஆய்வாளர் மூவர் 2018-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 1960-களில் நுழைந்தோரில் பாதிப்பேர் விலக 35 ஆண்டுகள் ஆயின. 2010-களில் நுழைந்தோரில் பாதிப்பேர் விலக ஐந்தே ஆண்டுகள் போதுமாயின. காரணம் விளங்காததன்று: ஒரு பேராசிரியர் தம் பணிக்காலத்தில் பல மாணாக்கரைத் தேற்றுகிறார், ஓய்வு பெறுகையில் ஒரே ஒரு நாற்காலியைத்தான் காலி செய்கிறார். நம் நாட்டில், 2020-21-இல், ஆராய்ச்சிக்குச் செலவானது மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதம். அதில் புதிய நாற்காலிகள் எத்தனை செய்ய முடியும்?

பணத்தாசையே காரணம் என்று பேசும் பெரியோர் உளர். எனக்கு அது உடன்பாடன்று. பணத்தாசை உள்ளவர் எட்டாண்டு பொறுத்திருக்கமாட்டார்.

சென்ற வாரம் அப்பெண் தன் பழைய ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். அவள் விட்டுவந்த கரைசலில் பளிங்குகள் படிந்துவிட்டனவாம். அவற்றின் நிறம் என்ன என்று இரண்டு முறை கேட்டாள்.