ஒன்னேகால் வெள்ளி

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகளை வெகுநேரம் உட்கார வைக்க மாட்டேன். சென்ற விடுமுறையில் நம் கோயில் திடலில் நடந்ததை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

நம் லயத்தில் பிறந்து, இந்தப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த ஒருவர் இன்று பட்டணத்தில் சிலம்ப ஆசானாக இருக்கிறார். இங்கே ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தில் அவர் குடும்பம் பிழைப்புத் தேடி வெளியேறியது. முப்பது ஆண்டு கழித்து, "நம்ம பிள்ளைகளுக்குப் பத்து நாள் கம்பு சொல்லித்தரேன், காசு வேணாம்" என்று வந்து நின்றார்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடிக்கவில்லை. 'மண்டையை உடைத்துக்கொள்வார்கள், படிப்பும் கெடும்' என்று தலைமையாசிரியரிடம் சொன்னவன் நான்தான். விளக்குமாற்றுக் கட்டையைச் சுழற்றிய ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவனிடமிருந்து அதைப் பிடுங்கி, வகுப்பு மூலையில் போட்டு வைத்திருந்தேன்.

முதல் நாள் ஆசான் கம்பையே தொட விடவில்லை! மூன்று நாள் வெறுங்காலோடு நிற்க வைத்து, கால் வைக்கும் முறையை மட்டும் பழக்கினார். "கால் தடுமாறுறவன் கம்பு சுத்தினா அவன் மண்டையிலதான் விழும்" என்றார். நான்காம் நாள் நெற்றி உயரப் பிரம்பு ஒன்று கைக்கு வந்தது. அதிலும் முதல் பாடம், மண்ணைத் தொட்டு எதிரில் நிற்பவரை வணங்கும் சலாம் வரிசை. பந்தயத்தில்கூட எதிராளி உடலில் கம்பு பட்டாலே புள்ளி. காயப்படுத்தத் தேவையில்லை என்று விளக்கினார். வகுப்பில் ஐந்து நிமிடம் அடங்காத அந்த விளக்குமாற்றுக் கட்டைப் பையன், அரைமணி நேரம் அசையாமல் நின்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

ஐந்தாம் நாள் மாலை, லயத்துக் கடைசி வீட்டுப் பெரியவரை ஆசான் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பகலெல்லாம் பால்மரம் வெட்டிவிட்டு, இராத்திரியில் இதே திடலில் கேஸ் விளக்கு வெளிச்சத்தில் அவருக்குக் கம்பு கற்றுக்கொடுத்தவர் அந்தப் பெரியவர். இப்போது கை நடுக்கம். தட்டில் வெற்றிலை பாக்கும் ஒன்னேகால் வெள்ளியும் வைத்து, ஆசான் அவர் காலில் விழுந்தார்.

"என்னடா, இன்னுமா ஒன்னேகால் வெள்ளி?" என்று பெரியவர் சிரித்தார்.

"அன்னைக்குத் தட்சணை வைக்க எங்கப்பாகிட்ட காசு இல்ல வாத்தியாரே. அந்தக் கடனைத்தான் கொண்டாந்தேன்."

பெரியவர் சிரிப்பு நின்றுவிட்டது. சற்று நேரம் பேசாமல் இருந்தவர், தம் கைத்தடியால் ஒரு சிறுமியின் காலைத் தொட்டு, "இடது காலைப் பின்னால வை, தாயி" என்றார். பாடம் தொடர்ந்தது.

பெற்றோர்களே! 1938இல் இந்திய அரசாங்கம் தடை போடும்வரை தோட்ட வேலைக்கென்று கப்பலேறி வந்தார்களே நம் பாட்டன்மார், அவர்களோடு வந்த கலை இது. தகரப் பெட்டியில் இடம் பிடிக்காமல், கையிலும் காலிலும் வந்தது. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது. நம் வாசலில் கிடந்ததை நாம்தான் அடிதடி என்று ஒதுக்கினோம். என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆசான் மாதம் ஒரு ஞாயிறு வருவதாக வாக்களித்திருக்கிறார். மற்ற ஞாயிறுகளில் பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொள்வார். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பெரியவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நாம் தள்ளிப்போட நாளில்லை. அந்தக் கட்டையை நானும் பையனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பரிசு பெறும் செல்வங்களே! நாளைக்கு நீங்களும் இந்தத் தோட்டத்தை விட்டுப் போவீர்கள். போங்கள், நன்றாகப் படியுங்கள், உயருங்கள். ஆனால் உங்களுக்கும் இங்கே ஓர் ஒன்னேகால் வெள்ளிக் கடன் இருக்கிறது. டாக்டரோ, மெக்கானிக்கோ, ஆசிரியரோ, எதுவானாலும் சரி, ஒருநாள் வந்து, கற்றதில் கொஞ்சம் இங்குள்ள பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போங்கள்.