வெட்ட முடியாத விடை



இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் இரு விடைகள் வரும். கேட்டது நீளமாயின், மறை விடையை ஒரு கோட்டால் வெட்டி, 'பொருந்தாது' என எழுதி முழுப் புள்ளியும் பெறுவோம். (மறை என்றதும் பெரியோர்கள் வேதத்தை எண்ணவேண்டாம்; கழித்தற் குறியுடையதையே சொல்கின்றோம்.) அவ்விதம் வெட்ட முடியாத ஒரு விடையைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

1928இல் கேம்பிரிட்ஜிலிருந்த போல் டிராக், ஐன்ஸ்ரைனின் சார்புக் கொள்கைக்கும் குவாண்டம் கொள்கைக்கும் ஒருங்கே இணங்கும் இலத்திரன் சமன்பாட்டைக் கண்டார். இலத்திரனின் சுழற்சியும் காந்தத் தன்மையும் தாமாகவே அதிற் பிறந்தன. கூடவே மறைச் சத்தியும் வந்து நின்றது. பழைய பௌதிகமாயின் வெட்டிவிடலாம். நேர்ச் சத்தியிலிருந்து மறைச் சத்திக்குத் தாண்ட அங்கே வழியில்லை. குவாண்டம் கொள்கையிலோ இலத்திரன் பாயும். அப்படியாயின் உலகத்து இலத்திரன்கள் யாவும் அப்பள்ளத்தில் வீழ்ந்திருக்க வேண்டும், வீழவில்லையே!

டிராக் கூறிய சமாதானம் விசித்திரமானது. மறை நிலைகள் யாவும் ஏலவே நிரம்பியுள்ளன. ஒரு நிலையில் ஓர் இலத்திரனுக்கே இடமுண்டு என்பது பவுளியின் விதி. ஆகவே மேலுள்ளவை விழ இடமில்லை. எங்கேனும் ஒன்று வெறுமையாயின், அத்துவாரம் நேரேற்றமுள்ள துணிக்கைபோல் நடக்கும். அத்துணிக்கை எது? இங்கேதான் டிராக்கும் தயங்கினார். அன்று தெரிந்திருந்த நேரேற்றத் துணிக்கை புரோத்தன். அதுவே துவாரம் என 1930இல் எழுதினார். புரோத்தனோ இலத்திரனிலும் 1836 மடங்கு பாரமானது. துவாரத்தின் திணிவு இலத்திரனுடையதேயாதல் வேண்டும் என்று ஹேர்மன் வைல் காட்டினார்; புரோத்தனே துவாரமாயின் அணுக்கள் கணத்தில் அழிந்துவிடும் என்றார் ஒப்பன்ஹைமர். மேதையும் முதலிற் பழகிய முகத்தையே தேடினார் என்பது எம்போன்ற மாணவர்க்கு ஓர் ஆறுதல்! 1931இல் அக்கூற்றைக் கைவிட்டு, எவரும் கண்டிராத 'எதிர் இலத்திரன்' ஒன்று உண்டென எழுதினார்.

1932 ஆகஸ்ட் 2ஆம் திகதி, கலிபோர்னியாவில் கார்ல் அன்டர்சன் அண்டக் கதிர்களின் தடங்களை முகிலறையிற் படம் பிடித்தார். டிராக்கைச் சோதிக்கும் நோக்கம் அவருக்கில்லை. அறையின் நடுவே 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஈயத் தகடு. காந்தப்புலத்தில் வளைந்த தடமொன்று தகட்டின் மேற்புறத்தில் அதிகம் வளைந்திருந்தது. ஈயத்தைத் துளைத்தபின் சத்தி குறையுமாதலால், துணிக்கை கீழிருந்து மேலே சென்றது உறுதி. திசை தெரிந்ததும் ஏற்றத்தின் குறி தெரிந்தது: நேர். தடத்தின் நீளமோ புரோத்தனுக்கு ஒவ்வாதது.

அதற்குப் பொசித்திரன் என்று பெயராயிற்று. இன்று வைத்தியசாலைகளிற் புற்றுநோயைத் தேடும் பெற் ஸ்கான் கருவி அதனையே நம்பியிருக்கின்றது. உடலுட் செலுத்திய மருந்திலிருந்து வெளிவரும் பொசித்திரன் ஓர் இலத்திரனைச் சந்திக்க, இரண்டும் மறைந்து, எதிரெதிர்த் திசையில் இரு காமாக் கதிர்கள் புறப்படுகின்றன.