டயர் பட்டறைக்கு ஒரு கூண்டு வேண்டும்
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் வெட்டும் பால் டயராகி நம் தோட்டத்து லாரிக்கே திரும்பி வருகிறது. சூடு அதிகம் ஏறாமல் தாங்குவதால் லாரி டயரில் இயற்கை ரப்பரைத்தான் மிகுதியாகச் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த டயரைக் கழற்றி, ஒட்டுப் போட்டு, மாட்டுகிறவரைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

பழைய லாரிச் சக்கரத்தில் டயரை இறுக்கிப் பிடித்திருப்பது ஓர் இரும்பு வளையம். உள்ளே சதுர அங்குலத்துக்குச் சுமார் 100 ராத்தல் காற்று. வளையம் துருப்பிடித்திருந்தாலோ, சரியாக உட்காராவிட்டாலோ, குண்டு போலக் கிளம்பும். சென்ற மாதம் நம் பட்டறையில் கிளம்பியது. கூரைத் தகரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. காற்றுக்குழாயை மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்க நகர்ந்ததால் அந்தத் தம்பி தப்பினார்.

இதில் என் குற்றமும் உண்டு. கிராணியாகிய நான் டயர் வாங்கிய கணக்கையெல்லாம் எழுதினேன். இரும்புக் கூண்டு வேண்டுமென்று ஒரு வரி எழுதவில்லை.

கழற்றுமுன் வால்வு ஊசியை எடுத்துக் காற்றை முழுதும் இறக்க வேண்டும். மாட்டியபின் சக்கரத்தைக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயால், ஒதுங்கி நின்று காற்றடிக்க வேண்டும். காற்றேறிய வளையத்தைச் சுத்தியலால் தட்டவே கூடாது. ‘பாலோடு லாரி நிற்கிறது, சீக்கிரம்!’ என்று விரட்டுகிறவர்கள் பக்கத்தில் வந்து நிற்கட்டும், பார்ப்போம்!

1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி பாதுகாப்பும் பயிற்சியும் தருவது முதலாளியின் கடமை. கூண்டு கேட்டு மனு எழுதி மேசைமேல் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.